கருங்கழுகு தோற்ற ஞாயிறுகள்

பிப்ரவரி 9, ஞாயிறு

லீக் இன்று தொடங்கிவிட்டது. எனக்கு யாரும் சொல்லவில்லை. துணி காயப்போட மாடிக்குப் போனபோது பின்தெருவில் இம்தியாஸ் பாயின் கம்ப்யூட்டர் சென்டரிலிருந்து கூச்சல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. கடைசியில் "கழுகு! கழுகு!" என்று மேசையைத் தட்டுகிற சத்தம். ஆக, கௌதமன் ஜெயித்துவிட்டான். அவனுடைய அணியின் பெயர் கருங்கழுகு. அந்தப் பெயரை வைத்தது நான்.

நிஜப் பந்தாட்டம் இல்லை இது. வியாசர்பாடியில் ஒரு காலத்தில் பந்து உதைத்து, இப்போது தொப்பையும் முழங்கால் வலியும் வந்துவிட்ட எட்டுப் பேர், ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் நடத்துகிற லீக். யார் ஆடுவது, எங்கே நிற்பது, எப்போது யாரை மாற்றுவது என்று மட்டும் நாம் சொல்லலாம். மீதியைக் கம்ப்யூட்டர் ஆடும். திரையில் புள்ளிகள் ஓடும், பெரிய ஆண்கள் எழுந்து நின்று கத்துவார்கள்.

போன இரண்டு வருடமும் கௌதமன்தான் சாம்பியன். ஊரே அவனை மூளைக்காரன் என்கிறது. இரண்டு வருடமும் சனிக்கிழமைதோறும் போனில் அவனுக்கு அணியைச் சொன்னது நான். எட்டாம் நம்பரை எப்போது உட்கார வைக்க வேண்டும், எந்த ஆட்டத்தில் பின்வாங்கி நிற்க வேண்டும், எல்லாம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியதில்லை அவன். "சரி எழிலு, சரி எழிலு" என்று கேட்டுக்கொள்வான். நான் மாவட்ட அணியில் மிட்ஃபீல்டில் ஆடியவள். அவன் கேரம் ஆடியவன்.

டிசம்பரில் நிச்சயம் நின்றுபோனது. அவனுடைய அம்மா போன் பண்ணி, "பையனுக்கு இப்ப இஷ்டமில்லம்மா" என்றாள். ஐந்து வருடப் பழக்கம் அந்த ஒரு போனில் முடிந்தது. அதைக்கூட விட்டுவிடலாம். ஜனவரியில் கிளப்பில் அவனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் பின்வரிசையில் நின்றிருந்தேன். யாரோ, "எழில்தான் உனுக்கு டீம் போட்டுக் குடுக்குதாமே?" என்று கேட்டார்கள். மைக்கில் அவன் சொன்னான்: "அவ நல்லா டீ போட்டுக் குடுப்பா."

அத்தனை பேரும் சிரித்தார்கள். லீக்கின் வாட்ஸப் குழுவிலிருந்து என்னை அன்றைக்கே நீக்கிவிட்டான்.

இந்த வருடம் முதலிடம் வருகிறவருக்கு செங்குன்றம் பக்கத்தில் புதிதாக வந்திருக்கிற கால்பந்து அகாடமியில் வேலையாம். ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துச் சொல்கிற வேலை. அது யாருக்கு என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அவன் தோற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம் எனக்கு.

பிப்ரவரி 11, செவ்வாய்

தண்ணி லாரி வரவில்லை. எட்டாம் நம்பரை அவன் முதல் ஆட்டத்திலேயே முழுநேரம் ஆடவிட்டிருக்கிறானாம்.

பிப்ரவரி 13, வியாழன்

நான் வேலை செய்கிற ஸ்கேன் சென்டரில் இன்று கூட்டம். மதியத்துக்கு மேல் தணிகாசலம் அண்ணன் தோள்பட்டை எக்ஸ்ரே எடுக்க வந்தார். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். லீக்கில் மூலக்கொத்தளம் யுனைடெட் அவருடைய அணி. கடைசி இடத்துக்கென்றே பிறந்த அணி அது.

"மூச்ச இழுத்துப் புடிச்சுக்கோங்கண்ணா," என்றேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் புடிச்சிக்கினே இருக்கணும் போல கீதும்மா. கழுகு கூட ஆட்டம். எத்தினி கோலுன்னு மட்டும் சொல்லு, அதுக்கேத்த மாதிரி துண்டு எடுத்துனு போறன்."

படம் எடுத்தேன். எலும்பு நன்றாகத்தான் இருந்தது. ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்தவரிடம், நானாகவே சொன்னேன்.

"அண்ணா, அவரோட லெஃப்ட் பேக், பின்னாடி காவலுக்கு நிக்க வேண்டியவன், எப்பவும் மேல ஏறிடுவான். அந்த எடம் காலியா இருக்கும். உங்க ரெண்டு ஃபார்வர்டையும் அந்தப் பக்கமா நிறுத்துங்க. மத்தவங்க எல்லாரையும் பின்னாடி வச்சிடுங்க. பந்து கெடச்சா நீளமா அடிக்கச் சொல்லுங்க. அவ்ளோதான்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"உனுக்கு எப்டிம்மா தெரியும்?"

"டீ போடும்போது காதுல விழுந்துச்சு."

அவர் சிரிக்கவில்லை. பொன்னாடை விழாவில் அவரும் இருந்தார். அன்றைக்கு அவர் சிரித்தாரா என்று ஞாபகமில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

மூலக்கொத்தளம் யுனைடெட் 2, கருங்கழுகு 1.

பதினொரு மணிக்கே மாடிக்குப் போய்விட்டேன். இரண்டு போர்வைகளை மூன்று தடவை பிழிந்தேன். முதல் கூச்சல் தணிகா அண்ணனுடையது, அந்தக் கட்டைக்குரலை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடிக்கலாம். பிறகு ஒரு கூச்சல். பிறகு நீண்ட அமைதி. அமைதியிலேயே தெரிந்துவிட்டது.

சாயங்காலம் தெருமுனையில் எல்லோரும் இதையே பேசினார்கள். கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார் ஒருவர். காய்கறிக் கடையில் நின்று முழுவதையும் கேட்டேன். வாங்கப் போனது என்ன என்று மறந்துவிட்டது.

பிப்ரவரி 19, புதன்

"இன்னாடி தனியா சிரிச்சிக்கினு இருக்க?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. என் முகம் தெளிவாகத் தெரியாது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிப்ரவரி 22, சனி

தணிகா அண்ணன் ஒரே ஒருவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த ஒருவர் ஷெர்லி டீச்சர், பள்ளியில் பி.டி. ஆசிரியை. லீக்கில் இருக்கிற ஒரே பெண். அவருடைய அணி ராயபுரம் ரேஞ்சர்ஸ்.

வேலை முடிந்து வெளியே வந்தால் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறார். "நான் ஒளிச்சு மறைச்செல்லாம் கேக்க மாட்டேன், எழில். நாளைக்கு எனக்கு அவனோட மேட்ச். எனக்கு அந்த வேலை வேணும். உனக்கு என்ன வேணும்?"

"அவரு தோக்கணும்."

"அப்போ நம்ம ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகும்."

ஜூஸ் கடையில் அரை மணி நேரம் பேசினோம். எதையும் இரண்டாம் தடவை சொல்ல வைக்காமல் கேட்டார். இடையிடையே மறுத்துப் பேசினார். ஓர் இடத்தில் அவர் சொன்னதுதான் சரி. யாரோடாவது இப்படிப் பேசி எவ்வளவு நாளாகிவிட்டது!

பிப்ரவரி 23, ஞாயிறு

டிரா. 1-1. கடைசி நிமிடத்தில் அவனுக்கு ஒரு கோல் அதிர்ஷ்டத்தில் விழுந்தது. அதிர்ஷ்டத்துக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

மார்ச் 2, ஞாயிறு

மூன்று கோல் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டான். எதிரணிக்காரர் ஓட்டேரியில் சலூன் வைத்திருப்பவர். யாரும் என்னிடம் கேட்கச் சொல்லவில்லை அவரை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே. என் தப்புதான். கேட்டு வரட்டும் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது.

மார்ச் 5, புதன்

அடுத்த ஆட்டம் கன்னிகாபுரத்துக்காரரோடு. அவர் வீட்டைக் கண்டுபிடிக்க இரண்டு பஸ் மாறினேன். அவருடைய மனைவி கதவைத் திறந்து, நான் யார், எதற்கு வந்தேன் என்று கேட்டாள். "ஃபுட்பால் விஷயமா," என்றேன். அவள் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

கன்னிகாபுரம் 3, கருங்கழுகு 0.

மூன்று! மாடியில் தனியாக நின்று கை தட்டினேன். எதிர்வீட்டுக் குழந்தை பார்த்துவிட்டு அதுவும் கை தட்டியது.

மார்ச் 12, புதன்

கௌதமனின் ஸ்டேட்டஸில் ஒரு பெண்ணோடு படம். மெரினாவில் எடுத்தது. பார்த்தேன். நன்றாக இருக்கிறாள். எதற்கு இதை எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

அவன் ஜெயித்தான். ஆனால் திணறி ஜெயித்தான் என்கிறார் ஷெர்லி டீச்சர். பட்டியலில் இப்போது அவனும் டீச்சரும் அருகருகே. தணிகா அண்ணன் நாலாவது இடம். "நாலாவது எடத்துல காத்து நல்லா வருதும்மா," என்று போன் பண்ணிச் சொன்னார்.

மார்ச் 23, ஞாயிறு

இன்று அம்மாவுக்குக் கண் முகாம். அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சலூன்காரருக்கு அவனோடு இரண்டாவது ஆட்டம், காலையில் அவர் மறுபடியும் ஒரு முறை சொல்லச் சொன்னார். அடுத்த வாரம் போகலாம் என்றேன் அம்மாவிடம். அம்மா பிடிவாதக்காரி. நான் போனில் இருக்கும்போதே கிளம்பித் தனியாகப் பஸ் ஏறிவிட்டாள். நிறுத்தி வைத்திருந்த ஏதோ பைக்கில் மோதி முழங்காலுக்குக் கீழே நீளமாகச் சிராய்த்துக்கொண்டு வந்தாள். மஞ்சள் வைத்துவிட்டேன்.

"யாரு கூட அவ்ளோ நேரம் பேசுன?" என்றாள்.

"வேலை விஷயம்மா."

சலூன்காரர் 2, கருங்கழுகு 1.

மார்ச் 27, வியாழன்

இம்தியாஸ் பாய் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். வருடா வருடம் அனுப்புவார், தானே தூக்குவாளியோடு வந்தது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் காலைப் பற்றி விசாரித்துவிட்டு, வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்.

"கௌதமனை ஜெயிச்சவங்க எல்லாம் அதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசிருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கலம்மா. கடை வாசல்ல உக்காந்திருக்கேன், காதுல விழுது."

தூக்குவாளியைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

"அவன் என்ன சொல்றான் தெரியுமா? நான் கம்ப்யூட்டர்ல ஏதோ பண்றேனாம். காசு வாங்கிட்டு ரிசல்ட்ட மாத்துறேனாம். அகாடமிக்காரருகிட்டயும் சொல்லிட்டான். அவரு வர்ற ஞாயிறு வந்து பாக்குறேன்னிருக்காரு. பதினாறு வருஷமா கடை வச்சிருக்கேன்மா. பசங்க பரீட்சை ஃபாரம் போட எங்கிட்டதான் வருவாங்க. நாளைக்கு அவங்க அப்பா அம்மா என்ன நெனப்பாங்க?"

கஞ்சி ஆறிப்போகும் என்று சொல்லிவிட்டு அவர் போனார். அம்மா கேட்கும் வரை தூக்குவாளியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

கௌதமன் தோற்கும்போது யார் மேலாவது பழி போடுவான் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவனுடைய ஒவ்வொரு அசைவும் எனக்குத் தெரியும் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறவள் ஆயிற்றே.

மார்ச் 30, ஞாயிறு

இன்றே எழுதிவிட வேண்டும்.

பத்தரைக்கு இம்தியாஸ் பாயின் சென்டருக்குள் போனேன். இத்தனை வருடத்தில் ஆட்டம் நடக்கும்போது நான் அங்கே போனதே இல்லை. கௌதமன் வேண்டாம் என்பான், "ஆம்பளைங்க கெட்ட வார்த்த பேசுவாங்க" என்பான். அறை நிறைய ஆட்கள். அகாடமியின் பிரதாப் சார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கௌதமன் கம்ப்யூட்டர் முன்னால். பக்கத்து இருக்கையில் ஷெர்லி டீச்சர், இன்று அவரோடு அவனுக்கு இரண்டாவது ஆட்டம்.

யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிட்டேன். "பாய் எதையும் மாத்தல சார். இவரு தோத்த ஆட்டத்துக்கெல்லாம் எதிராளிக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

கௌதமன் திரும்பிப் பார்த்தான். சிரித்தான். "இவளா? சார், இவளுக்கும் எனக்கும் நிச்சயம் நின்னு போச்சு. அந்தக் கோவம். இவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும்?"

சிரிப்பதற்கு ஆள் தேடி அறையைச் சுற்றிப் பார்த்தான். தணிகா அண்ணன் தரையைப் பார்த்தார். கன்னிகாபுரத்துக்காரர் தொண்டையைச் செருமினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

பிரதாப் சார், "என்ன சொல்லிக் குடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"இப்ப நடக்கப்போறதையே சொல்றேன் சார். அவரு காதுல விழுற மாதிரியே சொல்றேன். எட்டாம் நம்பரு களைச்சுப் போயிருக்கான், ஆனா அவனைத்தான் ஆட வைப்பாரு. மொதல்ல கோல் வாங்கினா கொஞ்ச நேரம் பொறுத்துக்குவாரு. எழுவதாவது நிமிஷம் தாண்டினா பயம் வந்துடும். மிட்ஃபீல்டுல ஒருத்தனை எடுத்துட்டு மூணாவதா ஒரு ஃபார்வர்டை எறக்குவாரு. நடுவுல ஆளே இருக்காது. டீச்சர் அங்கதான் ரெண்டாவது கோல் போடுவாங்க."

"வாய்க்கு வந்தத உளர்றா," என்றான். ஆனால் அவனுடைய காது மடல் சிவந்துவிட்டது. கோபத்தில் அவனுக்கு முகம் சிவக்காது, காதுதான் சிவக்கும்.

ஆட்டம் தொடங்கியது. எட்டாம் நம்பர் ஆடினான். டீச்சர் முன்பாதியிலேயே ஒரு கோல் போட்டார். பிறகு எல்லோரும் திரையை விட்டுவிட்டு அவனுடைய வலது கையைத்தான் பார்த்தார்கள். அறுபது நிமிடம் ஆனது. அவன் மௌஸின் மேல் கையை வைத்தான், எடுத்தான். நான் சொன்னதைச் செய்யக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். வேறு என்ன செய்வது என்று தெரியாது. அதுதான் விஷயம். எழுபத்து இரண்டாவது நிமிடத்தில் மிட்ஃபீல்டிலிருந்து ஒருவனை எடுத்துவிட்டு மூன்றாவது ஃபார்வர்டை இறக்கினான்.

அறையில் யாரோ "ஐயோ" என்றார்கள்.

இரண்டாவது கோல் நடுவிலிருந்தே வந்தது.

பிரதாப் சார் எழுந்து, முதல் காரியமாக இம்தியாஸ் பாயிடம் கை கொடுத்தார். "சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க பாய்," என்றார். என்னிடம், "எங்க ஆடினீங்க?" என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மிகவும்.

மார்ச் 31, திங்கள்

ரம்ஜான். பாய் வீட்டிலிருந்து பிரியாணி. அம்மாவின் காலில் காயம் ஆறிவிட்டது, தழும்பு இருக்கும்.

ஏப்ரல் 8, செவ்வாய்

அம்மாவுக்கு வலது கண் ஆபரேஷன். விடுப்பு எடுத்து நானே கூட இருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விடும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அந்தப் பையனை இன்னா பண்ணுன? மளிகைக் கடையில அவன் அம்மா என்னப் பாத்தும் பாக்காத மாதிரி போறா."

"ஒண்ணும் பண்ணலம்மா. அவன் ஆட்டத்துல தோத்துட்டான்."

"நீ ஜெயிச்சியா?"

நான் ஆடவே இல்லையே என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

அம்பேத்கர் ஜெயந்தி. தெருவெல்லாம் நீலக்கொடி, பறை அதிர்ந்தது. சிலைக்கு மாலை போட்டுவிட்டு மோர்ப்பந்தலில் நின்றிருந்தேன். கௌதமன் வந்தான். தாடி வளர்த்திருக்கிறான். நீலச்சட்டை. அந்தச் சட்டையை வாங்கியது நான்.

"நல்லா இருக்கியா எழிலு?"

"ம்."

"அன்னிக்கு மைக்ல... சும்மா ஜோக்குக்குச் சொன்னது."

"எல்லாரும் சிரிச்சாங்க. நல்ல ஜோக்."

மோர் டம்ளரை வைத்துவிட்டு நடந்தேன். பத்தடி பின்னாலேயே வந்தான். கூரியர் கம்பெனி வேலையை விட்டுவிட்டானாம். அகாடமி வேலை எப்படியும் கிடைத்துவிடும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டானாம். அவனுடைய அப்பாவை எனக்குத் தெரியும். பொய் சொன்னால் மாதக்கணக்கில் பேசமாட்டார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றேன்.

பறைச் சத்தத்தில் அவன் சொன்ன பதில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே வைத்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஷெர்லி டீச்சர் ஈஸ்டர் பூசை முடிந்து நேராக வந்து தன் கடைசி ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார். டீச்சர்தான் முதலிடம். கௌதமனுக்கும் அதே பாயின்ட், கோல் வித்தியாசத்தில் பின்னால். அவனுக்கு மட்டும் ஒரு ஆட்டம் மீதி, தணிகா அண்ணனோடு. தோற்காமல் இருந்தாலே போதும், ஒரு பாயின்ட் வந்துவிடும், முதலிடமும் வேலையும் அவனுக்கு. தோற்றால் டீச்சருக்கு.

ஏப்ரல் 23, புதன்

தணிகா அண்ணன் போன் பண்ணினார். "இன்னாம்மா, ஞாயித்துக்கெழமைக்கு இன்னா பண்ணலாம்?"

"இந்த வாட்டி நான் எதுவும் சொல்ல மாட்டேண்ணா. நீங்களே ஆடுங்க. உங்களுக்கே இப்ப தெரியும்."

"கோவமா?"

"இல்லண்ணா."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவன் வருவான் என்று நினைத்தேனோ என்னவோ.

ஏப்ரல் 24, வியாழன்

வந்தான். மதிய நேரம். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். "யாரு?" என்றாள். "கௌதமன்," என்றேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். சுற்றி வளைக்கவில்லை. "எனக்கு ஒரே ஒரு டிரா வேணும். எப்படி ஆடுறதுன்னு சொல்லு. கால்ல விழணும்னாலும் விழறேன்."

"விழ வேணாம்."

"சொல்லுவியா?"

"சொல்றேன்."

சொன்னேன். இரண்டு வருடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே. "எட்டாம் நம்பர உக்கார வை. லெஃப்ட் பேக்க மேல போக விடாத. அஞ்சு பேரைப் பின்னாடி நிறுத்து. தணிகா அண்ணன் டீம் நீ மேல வந்தாதான் கோல் போடும், நீ வரலன்னா அதுக்கு வேற வழி தெரியாது. கோலே போட ட்ரை பண்ணாத. சைபர்-சைபர்ல முடியும். உனக்கு அது போதும்."

இது உண்மை. இதைவிடச் சரியான ஆட்டம் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் கிடையாது. வேண்டுமென்றால் ஷெர்லி டீச்சரைக் கேட்டுப் பார்க்கலாம்.

அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "தணிகாவுக்கு என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. எங்கம்மா மேல சத்தியமா."

சத்தியம் அவன் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். செய்யும்போது சிரித்தேனா என்று நினைவில்லை. சிரித்திருக்கலாம். அவன் எழுந்துகொண்டான். "தேங்க்ஸ்," என்றான். வாசல் வரை போய் ஒரு முறை திரும்பிப் பார்த்தான். காது மடல் சிவந்திருந்தது.

அவன் போனதும் அம்மா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள். "நெசமாவே சொல்லிக் குடுத்தியா?"

"நெசமாத்தாம்மா."

"அப்புறம் ஏண்டி உன் கொரலு அப்பிடி இருந்துச்சு?"

எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 26, சனி

அரிசி களைந்தேன். பரண் துடைத்தேன். அம்மாவுக்குச் சொட்டு மருந்து. நாளைக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. கம்ப்யூட்டர்தானே ஆடுகிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லோருக்கும் பின்னால், கதவோரம் நின்றேன். இம்தியாஸ் பாய் நாற்காலி போட்டார், உட்காரவில்லை.

கௌதமன் அணியைப் போட்டான். திரையில் பெயர்கள் வந்தன. எட்டாம் நம்பர் ஆடுகிறான். லெஃப்ட் பேக்குக்கு மேலே போகச் சொல்லியிருக்கிறான். மூன்று ஃபார்வர்டுகள், முதல் நிமிடத்திலிருந்தே. நான் சொன்ன ஒவ்வொன்றையும் எடுத்து, ஒவ்வொன்றையும் தலைகீழாக்கியிருந்தான்.

திரும்பி என்னைத் தேடினான். கண்டுபிடித்தான். அந்தப் பார்வையில், உன் பொறியில் நான் விழமாட்டேன் என்கிற ஒரு வெளிச்சம் இருந்தது. நான் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை.

தணிகா அண்ணன் பின்வாங்கி நின்றார். பந்து கிடைத்தபோதெல்லாம் நீளமாக அடித்தார். அந்த இடது மூலை காலியாகக் கிடந்தது, பிப்ரவரியில் கிடந்த மாதிரியே. முதல் கோல் விழுந்தபோது கௌதமன் அசையவில்லை. இரண்டாவது விழுந்தபோது மறுபடியும் என்னைத் திரும்பிப் பார்த்தான். இந்த முறை அந்த வெளிச்சம் இல்லை. அவனுக்குப் புரியத் தொடங்கிவிட்டது. மௌஸை எடுத்து அவசர அவசரமாக ஐந்து பேரைப் பின்னால் இறக்கினான், எட்டாம் நம்பரை வெளியே எடுத்தான். ஆட்டம் முடியப் பத்து நிமிடம்தான் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் மூலக்கொத்தளம் யுனைடெட்டால் கோல் பக்கம் நெருங்கக்கூட முடியவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

மூலக்கொத்தளம் யுனைடெட் 2, கருங்கழுகு 0.

ஷெர்லி டீச்சரைத் தூக்காத குறை. தணிகா அண்ணன் தோள்வலியை மறந்து ஆடினார். "டீச்சரு ஜெயிச்சதுக்கு நான் ஏன் ஆடுறன்னு தெரியலயே," என்று அவரே கேட்டுக்கொண்டார். நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

மே 1, வியாழன்

டீச்சருக்கு வேலை உறுதியாகிவிட்டது. ஜூனில் சேர வேண்டும். அவருடைய அணி அடுத்த வருடம் காலியாக இருக்கும், எடுத்துக்கொள்கிறாயா என்று இம்தியாஸ் பாய் கேட்டார். எடுத்துக்கொள்கிறேன் என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

அம்மா மாடியிலிருந்து பஸ் நம்பர் படிக்கிறாள். இன்னொரு கண்ணுக்கு அடுத்த மாதம்.

மே 4, ஞாயிறு

ஆட்டம் இல்லாத ஞாயிறு. பத்தரைக்குப் பழக்கத்தில் மாடிக்குப் போனேன். துணி எதுவும் இல்லை.

கீழே தெருவில் கௌதமன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது. இறங்கிப் போனேன். தாடியை எடுத்துவிட்டான், மெலிந்திருந்தான். கூரியர் கம்பெனியில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அப்பா பேசுவதில்லையாம். இதையெல்லாம் நான் கேட்கவில்லை, அவனாகச் சொன்னான். அந்த மெரினாப் பெண்ணைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"நீ நெசத்தத்தான் சொல்லிருக்க," என்றான்.

"ஆமா."

"நான் அப்படியே ஆடியிருந்தா எனக்கு வேல கெடச்சிருக்கும்."

"ஆமா."

"நான் நம்ப மாட்டேன்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்ன."

ஐந்து வருடம் நான் சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு செய்தவன். அப்போதெல்லாம் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இனி யார் அவனிடம் உண்மையைச் சொன்னாலும் ஒரு நிமிடம் நின்று முகத்தைப் பார்ப்பான். அதைத்தான் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டேன். வேலையை அல்ல.

தண்ணி லாரி வந்தது. குடங்கள் உருளுகிற சத்தத்தில் கொஞ்ச நேரம் பேச முடியாமல் நின்றோம். லாரி தாண்டிப் போன பிறகு கேட்டான்.

"போதுமா எழிலு? இப்பவாச்சும் எம்மேல கோவம் போச்சா?"

"போச்சு," என்றேன்.

வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நடந்து போனான்.

இந்த ஒரு தடவை அவன் கணித்தது சரி.